வலிக்கான ஓபியாய்டு பேட்ச்: ஒட்டுவது முதல் ஒப்படைப்பது வரை

குடியாத்தம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், எலும்புக்குப் பரவிய புற்றுநோயால் இடுப்பிலும் தொடையிலும் ஓயாத வலியோடு படுத்திருந்த ஆயா ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். இரண்டு நாள் முன்பு கொடுத்தனுப்பப்பட்ட ஃபென்டனில் பேட்சை (ஃபென்டனில் என்பது ஓபியாய்டு, அதாவது மார்பினைப் போன்ற அபின் வகை வலி மருந்து) வீட்டார் கத்தரிக்கோலால் சரிபாதியாக வெட்டி, தொடைக்கு ஒன்றாக ஒட்டியிருந்தார்கள். ஒட்டுமுன் நல்லெண்ணெய் தேய்த்து நீவியிருந்தார்கள். ஒட்டிய பின், மருந்து நன்றாக இறங்கட்டும் என்று வெந்நீர்ப் பை வைத்து ஒத்தடமும் கொடுத்திருந்தார்கள். ஆயா கூப்பிட்டால் கண் திறந்தார். பதில் சொல்லி முடிப்பதற்குள் மறுபடி தூங்கிப்போனார். நல்லவேளையாக மூச்சு அன்றைக்குச் சீராக இருந்தது. அந்த வீட்டில் ஒருவரும் அலட்சியமாக இல்லை. சுளுக்குப் பிளாஸ்திரியை எப்படிக் கையாள்வார்களோ அப்படித்தான், முழு அக்கறையோடு, இதையும் கையாண்டிருந்தார்கள். இரண்டும் பார்வைக்கு ஒன்று போலவே இருப்பதுதான் சிக்கல்.

சுளுக்குப் பிளாஸ்திரி ஒட்டிய இடத்தில் மட்டும் வேலை செய்வது. ஓபியாய்டு பேட்ச் அப்படியன்று. அதிலுள்ள மருந்து தோலின் வழியே மெல்ல இறங்கி, தோலுக்குள்ளேயே ஒரு சேமிப்பாகத் தங்கி, அங்கிருந்து இரத்தத்தில் கலந்து மூளைக்கும் தண்டுவடத்துக்கும் சென்று வலியைக் குறைக்கிறது. ஆகவே முழங்கால் வலிக்கு முழங்காலில் ஒட்ட வேண்டும் என்பதில்லை. மார்பில் ஒட்டினாலும் முழங்கால் வலி குறையும். இதில் மனத்தில் நிறுத்த வேண்டிய சொல் ‘மெல்ல’ என்பது. முதல் பேட்சை ஒட்டிய பின் மருந்து போதிய அளவுக்கு ஏறவே 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம். கழற்றி எறிந்த பிறகும் தோலில் தங்கியது இறங்கிக்கொண்டே இருக்கும். இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைவதற்கே ஏறத்தாழ ஒரு நாள் பிடிக்கும். ஊசியைப் போல உடனே வராது, மாத்திரையைப் போல சில மணி நேரத்தில் போகவும் போகாது. பேட்சால் வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த மெதுவை மறந்ததால் வருபவை.

இதன் வீரியத்தையும் ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். உறையில் ‘25 மைக்ரோகிராம் / மணி’ என்று அச்சிட்டிருந்தால், ஒரு நாளைக்கு 600 மைக்ரோகிராம், அதாவது 0.6 மில்லிகிராம் மருந்து உடலுக்குள் போகிறது. வாயால் சாப்பிடும் மார்பின் மாத்திரைக் கணக்கில் இது நாளொன்றுக்கு ஏறத்தாழ 60 மில்லிகிராமுக்குச் சமம். உப்புக்கல் அளவுகூட இல்லாத ஒன்று, பத்து மில்லிகிராம் மார்பின் மாத்திரைகள் ஆறின் வேலையைச் செய்கிறது.

யாருக்கு ஏற்றது, யாருக்கு ஏற்றதன்று

நம் பகுதியில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. ஃபென்டனில் பேட்ச் 72 மணி நேரத்துக்கு, அதாவது மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. இன்னொரு ஓபியாய்டான புப்ரெநார்ஃபின் பேட்சில் மணிக்கு 5, 10, 20 மைக்ரோகிராம் என்ற குறைந்த அளவுகள் ஏழு நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டியவை. இரண்டையும் ஒன்றுக்கு ஒன்று மாற்றாகத் தாமாக ஒட்டிக்கொள்ளக் கூடாது. இரண்டையும் சேர்த்து ஒட்டுவது அதைவிடத் தவறு.

ஃபென்டனில் பேட்ச், இதுவரை ஓபியாய்டு மருந்தே சாப்பிடாத ஒருவருக்குத் தொடக்க மருந்தாக வரக் கூடாது. நாளொன்றுக்குக் குறைந்தது 60 மில்லிகிராம் மார்பினோ, அதற்கு ஈடான வேறு ஓபியாய்டோ, ஒரு வாரமாவது சாப்பிட்டு உடல் பழகிய பிறகுதான் அதற்கு மாற்றுவார்கள். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-ல், புற்றுநோய் அல்லாத வலிகளுக்கு, ஓபியாய்டு பழகாதவர்களுக்கு ஃபென்டனில் பேட்சைக் கொடுக்கவே கூடாது என்று அறிவித்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய சில நாள் வலிக்கும், வந்து வந்து போகும் வலிக்கும் இது பொருந்தாது. அந்த வலி குறைந்த பிறகும் மருந்து குறையாமல் நிற்கும்.

மூட்டுத் தேய்மானத்துக்கும் முதுகு வலிக்கும் இந்தப் பேட்சைக் கேட்டு வருகிறவர்கள் கூடிக்கொண்டு வருகிறார்கள். நீண்ட கால முதுகு வலியில் ஓபியாய்டுகள் மாதக் கணக்கில் தொடர்ந்து பயன் தரும் என்பதற்குச் சான்று வலுவாக இல்லை. மலச்சிக்கல், தூக்கம், விழுந்து எலும்பு முறிதல், மருந்தை விட முடியாமை ஆகியவை மட்டும் தொடர்ந்து கூடுகின்றன. ஆகவே அத்தகைய வலிக்கு ஒரு மருத்துவர் பேட்ச் எழுதினால், எதற்காக, எத்தனை காலத்துக்கு, எப்போது நிறுத்திப் பார்ப்போம் என்று அன்றைக்கே கேட்டுவிடுவது நல்லது. புற்றுநோய் வலியில் நிலை வேறு. மாத்திரையை விழுங்க முடியாதவர், எதைச் சாப்பிட்டாலும் வாந்தி எடுப்பவர், சிறுநீரகம் பழுதானதால் மார்பின் ஒத்துக்கொள்ளாதவர் ஆகியோருக்கு பேட்ச் பெரிய வரம் என்றே சொல்வேன்.

மூச்சிரைப்பு நோய், தூக்கத்தில் மூச்சுத் தடைப்படும் கோளாறு, கல்லீரல் அல்லது சிறுநீரகப் பழுது, முன்பு தலையில் பட்ட பலத்த அடி, மதுப் பழக்கம் ஆகியவற்றில் எது இருந்தாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும். குடிப்பதைப் பற்றி வீட்டுப் பெண்கள் முன்னால் சொல்லக் கூச்சப்படும் ஆண்கள், மருத்துவரிடம் தனியாகப் பேசவேண்டும் என்று கேட்டுக்கொள்ளலாம்.

ஒட்டும் முறை

ஒட்டுவதற்கு மேல் மார்பு, மேல் முதுகு, மேல் கை ஆகியவை ஏற்ற இடங்கள். தோல் தட்டையாகவும், காயமோ சிரங்கோ கதிர்வீச்சுச் சிகிச்சை தந்த புண்ணோ இல்லாததாகவும் இருக்க வேண்டும். நினைவு தடுமாறும் முதியவர் பேட்சைப் பிய்த்துவிடுவார் என்றால், அவர் கைக்கு எட்டாத தோள்பட்டைகளுக்கு நடுவே ஒட்டுவது வழக்கம். முடி இருந்தால் கத்தரிக்கோலால் ஒட்ட வெட்ட வேண்டும். சவரம் செய்யக் கூடாது, ஏனென்றால் பிளேடு தோலைச் சீவிவிட்டால் மருந்து கூடுதலாக இறங்கும். இடத்தை வெறும் தண்ணீரால் கழுவி, நன்றாக உலர விட வேண்டும். சோப்பு, ஸ்பிரிட், எண்ணெய், மஞ்சள், பவுடர், தைலம் எதுவும் அங்கே படக் கூடாது. எண்ணெய் தேய்த்துப் பழகிய உடம்பில் இதைக் கடைப்பிடிப்பது எளிதன்று. வாரம் ஒருமுறை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வழக்கத்தை விட முடியாத பெரியவர்களுக்குத் தலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம், முதுகிலும் மார்பிலும் வேண்டாம் என்று நான் சொல்வதுண்டு.

உறையை ஒட்டும் நேரத்தில்தான் பிரிக்க வேண்டும். பேட்ச் கிழிந்தோ வெட்டுப்பட்டோ இருந்தால் ஒட்டாமல் தனியே எடுத்துவைக்க வேண்டும். அதை ஒருபோதும் வெட்டக் கூடாது. சில வகைகளில் மருந்து கூழாக உள்ளே அடைக்கப்பட்டிருக்கும், வெட்டினால் மூன்று நாள் மருந்து மிக விரைவில் உடம்பில் இறங்கும் நிலை வரலாம். பாதி அளவு வேண்டுமென்றால் அதற்கென 12 மைக்ரோகிராம் பேட்ச் தனியே இருக்கிறது. பின்தாளை உரித்து, பசைப் பக்கத்தைத் தொடாமல் ஒட்டி, உள்ளங்கையால் முப்பது வினாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். ஓரங்கள் படிந்துள்ளனவா என்று விரலால் ஒருமுறை சுற்றிப் பார்த்த பின், கையை வெறும் தண்ணீரில் கழுவிவிட வேண்டும்.

புதிய பேட்சை ஒட்டும் முன் பழையதைக் கழற்ற வேண்டும் என்பது சொல்லாமலே தெரிந்ததுதானே என்று தோன்றும். வீடுகளில் பார்த்தால் அப்படியில்லை. காலையில் மகள் ஒட்டியது தெரியாமல் மாலையில் மகன் இன்னொன்றை ஒட்டுவதும், முதுகில் இருக்கும் பழையது கண்ணில் படாததால் மார்பில் புதியது ஏறுவதும் நடக்கின்றன. பேட்சுகளில் பல, தோல் நிறத்திலோ நிறமே இல்லாமலோ இருப்பவை. அதனால் மாற்றும் ஒவ்வொரு முறையும், நல்ல வெளிச்சத்தில், மேலுடம்பு முழுவதையும் முன்னும் பின்னும் பார்த்து, பழையது கைக்கு வந்த பிறகே புதியதன் உறையைப் பிரிக்க வேண்டும். இந்தப் பொறுப்பு வீட்டில் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும்.

ஒட்டிய இடத்திலேயே மறுபடி ஒட்டக் கூடாது. ஃபென்டனில் என்றால் சில நாள், புப்ரெநார்ஃபின் என்றால் குறைந்தது மூன்று வாரம் அந்த இடத்தைச் சும்மா விட வேண்டும். கழற்றிய இடம் சற்றுச் சிவந்திருப்பது இயல்பு. கொப்புளமோ, நாள் கடந்தும் தணியாத அரிப்போ வந்தால் காட்ட வேண்டும்.

நாள் கணக்கு

ஏழு நாள் பேட்சில் கணக்குச் சிரமமில்லை; வெள்ளிக்கிழமை ஒட்டினால் அடுத்த வெள்ளிக்கிழமை. மூன்று நாள் பேட்சில்தான் கிழமை நழுவிக்கொண்டே போகும்: திங்கள் காலை 7 மணிக்கு ஒட்டியது வியாழன் காலை 7 மணிக்கு, அடுத்தது ஞாயிறு, அதற்கடுத்தது புதன். சிலர் வசதிக்காக ‘வாரம் இரண்டு’ என்று வைத்துக்கொள்கிறார்கள். அப்படிச் செய்தால் ஒரு வாரத்தில் ஒரு நாள் மருந்தில்லாமல் போகிறது, அன்று வரும் வலிக்கு மருந்து பற்றவில்லை என்று அளவைக் கூட்டச் சொல்லி வருகிறார்கள்.

சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டியில் எழுதிவைப்பது நம் வீடுகளில் பழக்கம். இந்தக் காரியத்துக்கு அது உதவாது, தாளைக் கிழித்ததும் கணக்கும் குப்பைக்குப் போய்விடும். பால் கணக்கு எழுதும் மாத நாள்காட்டியே ஏற்றது. தேதி, நேரம், எந்த இடத்தில் ஒட்டியது (வலது மார்பு, இடது கை என்று), பழையதைக் கழற்றியாயிற்றா, ஒட்டியவர் பெயர் ஆகியவற்றை எழுதிவிட்டால், ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்தத் தாளைப் படம் பிடித்துக் காட்டினாலே போதும்.

மாற்ற மறந்துவிட்டால், நினைவு வந்தவுடன் மாற்றி, அந்த நேரத்திலிருந்து புதிதாகக் கணக்கைத் தொடங்க வேண்டும். விட்டதை ஈடுகட்ட இரண்டாக ஒட்டக் கூடாது. முழுவதுமாக விழுந்துவிட்டால் புதியதை வேறிடத்தில் ஒட்டி, அப்போதிருந்து எண்ண வேண்டும். ஓரம் மட்டும் எழும்பினால், மெடிக்கல் கடையில் கிடைக்கும் காகித டேப்பை ஓரத்தில் போட்டு அழுத்தினால் போதும். விழுந்த பேட்ச் எங்கே என்று கண்டுபிடிக்காமல் இருக்கக் கூடாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதல் நாளில் வலி குறையவில்லை என்று பதறி இரண்டாவதை ஒட்டுவது பெரிய ஆபத்து. அந்த இடைவெளிக்காகத்தான், முன்பு சாப்பிட்ட மார்பின் மாத்திரையை ஒட்டிய பிறகும் சில வேளைகளுக்குத் தொடரச் சொல்வார்கள். எத்தனை வேளை என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பேட்ச் நின்று வேலை செய்யும் நாள்களிலும், திரும்பிப் படுக்கும்போதோ கழிவறைக்குப் போகும்போதோ திடீரென்று வெட்டும் வலிக்கு பேட்ச் ஈடுகொடுக்காது. அதற்கென்று உடனடி மார்பின் மாத்திரை தருவார்கள். அதை ஒரு நாளில் எத்தனை முறை சாப்பிட நேர்ந்தது என்பதையும் அதே நாள்காட்டியில் குறித்துவந்தால், அளவைக் கூட்டுவதா வேண்டாமா என்பதை மருத்துவர் அதைப் பார்த்தே முடிவு செய்வார். தொடங்கி மூன்று நாளாவது ஆகாமல் ஃபென்டனில் அளவைக் கூட்டுவதில்லை.

வெயிலும் காய்ச்சலும் ஒத்தடமும்

வட ஆற்காட்டில் இந்தப் பகுதியைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். தோல் சூடானால் இரத்த ஓட்டம் கூடும், மருந்து வேகமாக இறங்கும். உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸை, அதாவது நம் வீட்டுத் தெர்மாமீட்டரில் 104-ஐத் தொட்டால், இரத்தத்தில் ஃபென்டனில் அளவு மூன்றில் ஒரு பங்கு வரை கூடலாம் என்று மருந்துக் குறிப்புகள் சொல்கின்றன. நேற்று வரை சரியாக இருந்த பேட்ச் இன்று அளவு மீறியதாகிவிடும்.

வேலூர் வெயில் சதமடித்தது என்ற செய்தி இங்கே மார்ச் மாதமே வரத் தொடங்கும். கத்திரி நாள்களில் கேட்கவே வேண்டாம். சிமென்ட் ஷீட்டோ தகரமோ போட்ட கூரையின் கீழ், மின்சாரமும் நின்ற மதியத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர் வெந்துபோகிறார். அத்தகைய நாள்களில் அவரை வீட்டில் குளிர்ச்சியான இடத்துக்கு மாற்றி, ஜன்னலில் நனைத்த துணி போட்டு, தண்ணீரும் மோரும் அடிக்கடி கொடுத்து, மதியத் தூக்கத்தில் ஒருமுறையாவது எழுப்பிப் பார்க்க வேண்டும். பேட்ச் ஒட்டிய மேனியோடு உச்சி வெயிலில் நடப்பதும், விறகடுப்புக்கு எதிரே நெடுநேரம் உட்கார்ந்து சமைப்பதும் வேண்டாம். நிழலில் உட்கார்ந்திருப்பதால் கேடில்லை.

வியர்வை இதற்கு நேர் எதிரான தொல்லையைத் தருகிறது: பேட்ச் கழன்று விழுகிறது, மருந்து குறைகிறது, வலி திரும்புகிறது. ஆகவே கோடையில், வியர்வை ஓடும் முதுகுத் தண்டையும் மார்பின் நடுவையும் விட்டு, மேல் கையின் வெளிப்புறத்தில் ஒட்டுவது நிற்கிறது. அதிகாலையில், குளித்து உடல் ஆறிய பிறகு மாற்றுவது எனக்குத் தெரிந்து மிகவும் பயன்பட்ட ஏற்பாடு. குளிப்பதற்குத் தடையில்லை. கொதிக்கக் கொதிக்க வெந்நீரும், பேட்ச் மேல் நார் போட்டுத் தேய்ப்பதும்தான் கூடாது. தீபாவளி விடியலில் எண்ணெய் தேய்த்துக் கொதிநீரில் ஊற்றிவிடும் பாசம் இந்த ஒரு வீட்டில் மட்டும் வெதுவெதுப்போடு நிற்கட்டும்.

ஒத்தடம் எந்த வடிவிலும் பேட்சின் மேலோ அதை ஒட்டியோ படக் கூடாது: உப்பு வறுத்துத் துணியில் கட்டியது, செங்கல் சுட்டது, வெந்நீர்ப் பை, மின்சாரச் சூட்டுப் பை எல்லாம் இதில் அடங்கும். இயன்முறைச் சிகிச்சைக்கு வருபவரிடம், அவர் கேட்காவிட்டாலும், பேட்ச் ஒட்டியிருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கும் அப்படியே, சில பேட்சுகளின் பின்தாளில் உலோகம் இருக்கும், அது ஸ்கேனுக்குள் சூடாகித் தோலைச் சுட்டுவிடும்.

மழைக்காலம் தொடங்கினால் காய்ச்சல் காலமும் தொடங்கும். டெங்குவும் உண்ணிக் காய்ச்சலும் நம் பகுதிக்குப் புதியவை அல்ல. பேட்ச் ஒட்டியவருக்கு 102-க்கு மேல் காய்ச்சல் என்றால், பாராசிட்டமால் கொடுத்து, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டே, பேட்ச் எழுதிக்கொடுத்தவர்களைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். காலையாகட்டும் என்று இருந்துவிடக் கூடாது. அன்றிரவு ஒருவர் அருகில் விழித்திருந்து மூச்சைப் பார்க்க வேண்டும்.

கூடவே சேரும் மருந்துகள்

காய்ச்சல், சளி, தோல் அரிப்பு என்று தெருமுனை மெடிக்கல் கடையில் மாத்திரை வாங்கும்போது பேட்சை நினைத்துக்கொள்பவர் யாருமில்லை. கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் போன்ற கிருமிக்கொல்லிகளும், படர்தாமரைக்கும் வாய்ப்புண்ணுக்கும் தரும் ஃப்ளூகோனசோல், இட்ராகோனசோல் மாத்திரைகளும், இரத்த அழுத்தத்துக்கான டில்டியாசெம், வெராபமில் ஆகியவையும் கல்லீரலில் ஃபென்டனில் உடைவதைத் தடுத்து, அதன் அளவை ஏற்றிவிடும். பம்பளிமாஸ் இனப் பழத்தையும் தவிர்ப்பது நல்லது. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசினும், வலிப்புக்கான ஃபெனிடோயின், கார்பமசெபின் ஆகியவையும் இதற்கு மாறாக அளவை இறக்கும். காசநோய் மாத்திரை தொடங்கியதும் வலி கூடிற்று என்று பேட்ச் அளவை உயர்த்தி, ஆறு மாதம் கழித்து அந்த மாத்திரை முடியும்போது பேட்சைக் குறைக்க மறந்துவிட்டால், அப்போதுதான் ஆபத்து வரும்.

தூக்க மாத்திரையும் பதற்றத்துக்கான டயசெபாம், அல்பிரசோலாம், குளோனசெபாம் போன்றவையும், நரம்பு வலிக்கான பிரிகாபலின், காபாபென்டின் ஆகியவையும், தூக்கம் தரும் சளி மருந்துகளும், இருமல் டானிக்கில் உள்ள கோடீனும் பேட்சோடு சேர்ந்து மூச்சை அமுக்கும். பிரிகாபலினை மருத்துவரே பேட்சோடு சேர்த்து எழுதுவதுண்டு. அது அளவறிந்து எழுதியது, பக்கத்து வீட்டிலிருந்து வாங்கிச் சாப்பிடுவது வேறு. மது அறவே கூடாது.

மலச்சிக்கல் வரும் என்பதில் சந்தேகமே வேண்டாம். உடல் மற்றத் தொல்லைகளுக்குப் பழகிக்கொண்டாலும் இதற்குப் பழகுவதில்லை. பேட்ச் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும், அதைத் தினமும் சாப்பிட வேண்டும். தண்ணீர் குறைவாகக் குடிப்பவருக்கு இசப்கோல் உமி கொடுத்தால் அது உள்ளே கெட்டிப்பட்டு அடைத்துக்கொள்ளும். குமட்டல் பெரும்பாலும் முதல் வாரத்தோடு தணிந்துவிடும். அளவு நிலைப்பட்டு, தூக்கக் கலக்கம் போய், மருத்துவரும் சரி என்று சொல்லும் வரை வண்டி ஓட்டக் கூடாது, டி.வி.எஸ். எக்ஸெல்லும் வண்டிதான்.

வலி குறைந்துவிட்டது என்று பேட்சைத் தாமாக நிறுத்துவதும் தவறு. ஓரிரு நாளில் வியர்த்துக் கொட்டி, மயிர்க்கூச்செறிந்து, வயிற்றுப்போக்கும் இருப்புக்கொள்ளாமையும் வரும். அது அடிமைப்பட்டதன் அடையாளம் என்று பயந்துவிட வேண்டாம், பழகிய உடல் மருந்தைத் தேடுகிறது என்றே பொருள். படிப்படியாகக் குறைத்து நிறுத்தினால் இவை வராது.

எப்போது பயப்பட வேண்டும்

தூங்குகிறாரா, மயங்கிக் கிடக்கிறாரா என்ற கேள்வி வரும்போது முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தோளைத் தட்டிப் பார்க்க வேண்டும். விழித்துப் பேசினால் தூக்கம். விழிக்கவில்லை என்றாலோ, விழித்தும் பேச்சுக் குழறி உடனே கவிழ்ந்தாலோ, நெஞ்சு ஏறி இறங்குவதைக் கடிகாரம் பார்த்து ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு 12-லிருந்து 20 வரை இயல்பு; 10-க்குக் கீழ் இறங்கினால் உடனே உதவி கேட்க வேண்டும். கண்மணி குண்டூசி முனை போலச் சுருங்கியிருப்பது, உதடு நீலம் பாரிப்பது, தொண்டையில் இதுவரை கேட்டறியாத குறட்டையோ களகளப்போ எழுவது ஆகியவையும் இதே செய்தியைத்தான் சொல்கின்றன. குறட்டை விட்டு நிம்மதியாகத் தூங்குகிறார் என்று கதவைச் சாத்திவிட்டு வருவது பலரும் செய்யும் தவறு.

அப்போது செய்ய வேண்டியவை வரிசையாக இவை. உடம்பில் உள்ள எல்லா பேட்சையும் கழற்ற வேண்டும். ஒன்று இருக்கும் என்று எண்ணியிருந்த இடத்தில் இரண்டு இருக்கலாம். 108-ஐக் கூப்பிட்டு, ‘ஃபென்டனில் பேட்ச், மூச்சு குறைந்துவிட்டது’ என்று அந்தச் சொற்களிலேயே சொல்ல வேண்டும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, பேசிக்கொண்டும் தட்டிக்கொண்டும் மூச்சு விடச் சொல்லிக்கொண்டும் இருக்க வேண்டும். மூச்சே நின்றுவிட்டால், 108-இல் பேசுபவர் சொல்லும் முதலுதவியைத் தொலைபேசியை வைக்காமலே செய்ய வேண்டும். வாயில் காப்பியோ மோரோ எலுமிச்சைச் சாறோ ஊற்றக் கூடாது. அது நுரையீரலுக்குப் போகும். ஆஸ்பத்திரியில் ஓபியாய்டின் வேலையை முறிக்கும் நலோக்ஸோன் ஊசி போட்டதும் எழுந்து உட்கார்ந்து பேசுவார். உடனே வீட்டுக்கு அழைத்து வந்துவிட வேண்டும் என்று தோன்றும். வரக் கூடாது. ஊசியின் வேலை ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும், தோலில் தங்கிய மருந்து அதன் பிறகும் இறங்கிக்கொண்டிருக்கும். குறைந்தது ஒரு நாள் கண்காணிப்பில் இருப்பது அதனால்தான்.

கழற்றிய பேட்ச்

மூன்று நாள் முடிந்து கழற்றிய பேட்சில் மருந்து தீர்ந்திருக்கும் என்று நினைக்கிறோம். தீர்ந்திருக்காது. சீராக இறங்க வேண்டும் என்பதற்காகவே, தேவையைவிடக் கூடுதலாக அதில் ஏற்றப்பட்டிருக்கும். கழற்றும்போது பாதிக்கு மேல்கூட மிஞ்சியிருக்கலாம். ஒரு பெரியவரின் வலியை அடக்கும் மிச்சம், அதை வாயில் வைத்துச் சப்பும் இரண்டு வயதுப் பிள்ளையின் மூச்சை நிறுத்திவிடும். குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்த பேட்சாலும், தூங்கும் பெரியவரின் உடம்பிலிருந்து பிள்ளைக்கு ஒட்டிக்கொண்ட பேட்சாலும் அமெரிக்காவில் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். கீழே விழுந்தால் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக, பேட்சில் உள்ள எழுத்தை எடுப்பான நிறத்தில் அச்சிடும்படி அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-ல் கட்டளையிட்டது.

நம் வீடுகளில் பேரப்பிள்ளைகள் தாத்தா, ஆயாவின் பாயில்தான் தூங்குகிறார்கள். அதைத் தடுக்கச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. நோயாளிக்கு அதுவே பாதி மருந்து. ஆனால் பிள்ளை படுக்கும் முன்பும், எழுந்த பின்பும் பேட்ச் இருந்த இடத்தில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் முதலில் பிள்ளையின் உடம்பையும் கையையும் வாயையும், பிறகு பாயையும் போர்வையையும் பார்க்க வேண்டும். வேறு யார் மேலாவது ஒட்டியிருந்தால், உடனே எடுத்துவிட்டு, சோப்பில்லாமல் தண்ணீரால் கழுவி, அவர் நன்றாகத் தோன்றினாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச்செல்ல வேண்டும். பிள்ளைகள் முன்னால் பேட்ச் ஒட்டாமல் இருப்பதும், அதை ‘ஸ்டிக்கர்’ என்று சொல்லாமல் இருப்பதும் சிறிய காரியங்கள், ஆனால் உதவுகின்றன.

கழற்றியதைப் பசைப் பக்கம் உள்ளே வருமாறு இரண்டாக மடித்து, ஒட்டிக்கொள்ளும்படி அழுத்தி, புதியதன் காலி உறைக்குள் போட்டு, மூடி இறுகிய டப்பா ஒன்றில் சேர்த்துவைக்க வேண்டும். அந்த டப்பாவும் புதிய பேட்சுகளும் பூட்டும் பீரோவுக்குள் இருக்க வேண்டும். சாமி மாடமும் ஃப்ரிட்ஜின் மேல்தட்டும் இதற்கு இடமல்ல. அடுத்த முறை மருந்து வாங்கப் போகும்போது, பேட்ச் கொடுத்த இடத்தில் எண்ணிக்கையோடு ஒப்படைத்துவிடலாம். தெருக் குப்பையில் போடுவதும், கொல்லையில் கொளுத்துவதும், அடுப்பில் போடுவதும் கூடாது. திருப்பிக் கொடுக்க வழியே இல்லாதபோது, மடித்த பேட்சைக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடுவது, வீட்டில் கிடப்பதைவிட மேல்.

ஃபென்டனில் போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருவது. 2014-ல் அச்சட்டம் திருத்தப்பட்ட பின், மார்பினோடு சேர்த்து இன்றியமையாத போதை மருந்துகளின் பட்டியலில் வைக்கப்பட்டு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் வாங்கிக் கொடுப்பது எளிதாக்கப்பட்டது. ஆனாலும் சீட்டு இல்லாமல் கிடைக்காது, கிடைத்தாலும் வாங்கக் கூடாது. வேலூர் சி.எம்.சி.யில் வலி தணிப்புச் சிகிச்சைக்குத் தனிப் பிரிவு உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கான வீட்டு வருகையும் சேர்ந்திருக்கிறது; ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவைத்தால், ஒட்டியதைச் சரிபார்க்கவாவது ஒருவர் வந்து போவார். ஜவ்வாது மலைக்கோ, கல்யாணத்துக்கென்று வெளியூருக்கோ போகும்போது, மருந்துச் சீட்டின் நகலும், போய்வரும் நாள்களுக்கு ஒன்று கூடுதலான பேட்சும் கைப்பையில் இருக்க வேண்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் அவற்றை வைத்துவிட்டுப் போகக் கூடாது.

கடைசியாக ஒன்றைக் கேட்க யாருக்கும் மனம் வருவதில்லை. நோயாளி வீட்டிலேயே இறந்துவிட்டால், உடலைக் குளிப்பாட்டுவதற்கு முன், பொறுப்பிலிருந்தவர் பேட்சைக் கழற்றி மடித்து டப்பாவில் போட்டுவிட வேண்டும். குளிப்பாட்டும் கைகள் பலருடையவை, கூடத்தில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருப்பார்கள். பீரோவில் மிஞ்சிய புதிய பேட்சுகளை, இதே வலியோடு இருக்கும் உறவினருக்கு உதவட்டும் என்று கொடுக்காமல், காரியம் முடிந்த பிறகு மருந்துச் சீட்டோடு ஆஸ்பத்திரியில் ஒப்படைத்து, வாங்கிக்கொண்டதற்கு ஒரு கையெழுத்துப் பெற்றுக்கொள்ள வேண்டும்.